உயிரோடிருந்தவருக்கு ஒரு நிமிட மௌனம்

கல்லூரி நிறுவன நாள் விழாவில் ஆவணக் காப்பாளர் ஒரு பெண்மணியைக் கொன்றுவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் நிறைந்த சபையில், ஒலிபெருக்கியில், முதல்வரின் வாயாலேயே அது நடந்தது.

விஷயம் இவ்வளவுதான். பழைய மாணவர்களின் அட்டைகள் அவருடைய அறையில் இரண்டு நீளமான மர இழுப்பறைகளில் இருந்தன. ஒன்றில் இருப்பவர்கள், மற்றதில் மறைந்தவர்கள். விழாவுக்கு முன்னால் அறையைப் பெருக்குவதற்காக இரண்டையும் ஒரே தூக்காகத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கலாம் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அப்படித் தூக்குகிறவர்களைப் பார்த்தால் வேலைக் கள்ளர்கள் என்று நினைக்கிற ரகம் அவர். நிலைப்படி காலை வாரியது. இருப்பவர்களும் மறைந்தவர்களும் தரையில் விழுந்து கட்டிப் புரண்டார்கள். மண்டி போட்டுப் பொறுக்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, எல்லாரையும் அவரவர் இடத்தில் அடுக்கிவிட்டதாக நம்பினார். நம்பிக்கைக்கு என்ன, அது அவரிடம் எப்போதுமே கொஞ்சம் அதிகம்.

அந்த ஆண்டு விழாவின் கண்காட்சி, கல்லூரியின் பழைய நாட்களைப் பற்றியது; அதில் இசைச் சங்கத்துக்கே முதலிடம். எனவே சங்கத்தில் இருந்து மறைந்தவர்களின் பெயர்களை முதல்வர் வாசித்தார். எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். இரண்டாவது வரிசையில் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு அம்மாளும் எழுந்து, தலையைக் குனிந்து, ஒழுங்காக நின்றார். நிமிடம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகம்," என்றார். "நான் இப்ப உக்காரலாமா, இல்ல இன்னும் மரியாதை பாக்கி இருக்கா?"

முதல்வருக்குப் புரியவில்லை. "தாங்கள்...?"

"கடைசியா ஒரு பேர் வாசிச்சீங்களே, அது நான்தான்."

அரங்கம் சிரித்த சிரிப்பில் மேடையின் பின்னால் நின்றுகொண்டிருந்த ஆவணக் காப்பாளர் திரைச்சீலையோடு திரைச்சீலையாக ஒட்டிக்கொண்டார். கல்லூரியில் அவருக்குப் பரண் என்று பெயர். நேரில் 'பரண் சார்'. வேண்டாத சாமான்களை ஏற்றி வைக்கிற இடம் என்பதால் அறைக்கு வந்த பெயர், கொஞ்ச நாளில் அறையிலிருந்து ஆளுக்கு இறங்கிவிட்டது. ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாக ஒரு பெயர் தேடிக்கொள்ளத் தெம்பில்லாததால் அவரும் அதை வைத்துக்கொண்டார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது உண்மைதான். ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில், வெளியே சொல்ல முடியாத ஒரு சந்தோஷமும் அவரை உலுக்கியது. இசைச் சங்கத்துக்குப் பியானோ வாசித்த பெண் உயிரோடு இருக்கிறார்! பரணிடம் ஒரு கேள்வி இருந்தது. வருடக்கணக்காக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்த கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த மற்றவர்கள் எல்லாரும் அந்த இரண்டாவது இழுப்பறைக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; முகவரி இல்லாத இந்த அம்மாளின் அட்டையையும் அங்கே பார்த்தபோது, இவரும் போய்விட்டார் என்றே நினைத்திருந்தார்.

கேள்வி அவருடைய அப்பாவைப் பற்றியது. அப்பா இதே கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். குளத்துப் பாசியை ஆராய்ந்து பட்டம் வாங்கியதால் பாசி வாத்தியார். சங்கத்தின் பழைய நிகழ்ச்சி நிரல்களில் வருடா வருடம் கோரஸ் பாடகர்களில் ஒருவராக அப்பாவின் பெயர் இருக்கிறது. பரண் பிறந்த வருடத்தோடு அது நின்றுவிடுகிறது. அதன் பிறகு அப்பா பாடியதை யாரும் கேட்டதில்லை. குளியலறையில்கூட ஒரு முணுமுணுப்பு கிடையாது. சின்ன வயதில் "பாடுப்பா" என்று கேட்டால், "தொண்டை சரியில்ல" என்பார். ஒரு மனிதருக்கு ஆயுள் முழுக்கத் தொண்டை சரியில்லாமல் இருக்குமா?

அம்மாவிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. மகன் சேட்டை செய்யும்போதெல்லாம் அதை எடுத்து வீசுவார். "சாயங்காலம் ஆனா வீல்னு கத்துவ. உன்னத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கவே அவருக்கு நேரம் சரியாப் போச்சு. எங்கருந்து பாட்டு? உன்னாலதான் எல்லாம் நின்னுச்சு." அம்மா விளையாட்டாகத்தான் சொன்னார். கேட்டவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரையும் கேலி செய்து, தன்னையும் சேர்த்துக் கேலி செய்து காலத்தை ஓட்டிய மனிதருக்கு, இந்த ஒரு இடத்தில் மட்டும் கேலி வரவில்லை. ஒரு மனிதர் ஆசையாகச் செய்துகொண்டிருந்த ஒரே காரியத்தை நான் பிறந்து கெடுத்தேனா? இதுதான் கேள்வி.

விழா முடிந்ததும் அந்தப் பியானோ அம்மாள் நேரே அவர் அறைக்கு வந்துவிட்டார்.

"என்னக் கொன்ன ஆள் இங்கதான் இருக்கார்னு சொன்னாங்க."

"மன்னிச்சிடுங்கம்மா. அட்டை மாறிப் போச்சு. நான்தான் கீழ போட்டுட்டேன்."

"பரவாயில்ல தம்பி. ஆனா ஒண்ணு. ஒரு நிமிஷம்னு சொல்லிட்டுப் பாதியிலேயே யாரோ இருமிட்டாங்க. எனக்கு அவ்வளவுதான் மரியாதையா?"

அம்மாள் இங்கே கணிதம் படித்தவர். பிறகு வேறு ஊரில் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, அண்மையில்தான் இந்த ஊருக்குத் தங்கை வீட்டோடு வந்திருந்தார். கண்காட்சியைச் சுற்றிப் பார்க்கக் காப்பாளர் கூடவே நடந்தார். விவாத மன்றத்தின் குறிப்பு ஒன்றை அம்மாள் வாய்விட்டுப் படித்தார். 'தலைவர் உறங்கிவிட்டபடியால் வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது.' விடுதிப் புகார் ஏட்டைப் பார்த்து, "இந்தப் புகார் நான் எழுதினது, வெந்நீர் வரல. இன்னும் வரலயா?" என்று கேட்டார். டென்னிஸ் அணி, ஆண்டு மலர், தேர்வில் முதலிடம் வாங்கி முறைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் என்று எல்லாரையும் ஒரு வார்த்தை சீண்டிவிட்டு வந்தவர், கடைசிக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டார்.

அதில் பாசி வாத்தியாரின் படம் இருந்தது. கீழே காப்பாளர் தானே எழுதிய அட்டை: 'ஆய்வாளர், ஆசிரியர், தேர்ந்த பாடகர்.'

அம்மாள் அதை ஒருமுறை படித்தார். பிறகு இன்னொருமுறை படித்தார்.

"இவர் உங்களுக்கு...?"

"அப்பா."

அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "அதே காது," என்றார். அந்த நிமிடத்திலிருந்து 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"அம்மா, அப்பா எப்படிப் பாடுவார்? எதனால நிறுத்தினார்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தம்பி, நான் செத்துப்போனவ. செத்தவங்க சாட்சி சொல்றதில்ல."

அவர் சிரித்தார், அம்மாளும் சிரித்தார். அம்மாளின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் முடிந்துவிட்டதைக் கவனிக்கிற நிலையில் அவர் இல்லை.

அம்மாளை மறுபடி உயிர்ப்பிக்கும் வேலை அவர் தலையில்தான் விழுந்தது. கல்லூரிச் செய்தி இதழில் திருத்தம் போடச் சொன்னார் முதல்வர். காப்பாளர் ஒரே மூச்சில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினார்.

முதல்வர் மெதுவாக வாசித்தார். "'மேற்படி அம்மையார் உயிருடன் இருக்கிறார் என்பதை அறிகிறோம். இதற்காகக் கல்லூரி வருந்துகிறது.' ஏன் சார், அவங்க உயிரோட இருக்கறதுக்கா வருந்தறோம்?"

"தவறுக்குத்தான் சார்."

"அந்தத் தவறை முதல்ல எழுதுங்க. போன தடவ கொன்னீங்க. இந்தத் தடவ துக்கமும் படச் சொல்றீங்க."

திருத்தம் திருத்தப்பட்டு அச்சானது. இதற்கிடையில் அம்மாள் அடிக்கடி பிற்பகல்களில் வர ஆரம்பித்திருந்தார். பெயர் தெரியாத பழைய படங்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகச் சொல்லிக்கொண்டு வருவார். காப்பாளர் படத்தின் பின்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்வார். பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் இறங்கிவிடும் என்று அவர் விளக்கினால், "பென்சில்னா அழிச்சு மாத்திக்கலாம், உனக்கு அதான் சரி" என்பார் அம்மாள்.

"இவ வரலாறு. ராத்திரி பகலா படிப்பா, பரீட்சை அன்னிக்குத் தூங்கிடுவா. இவன் கடன் வாங்கின புத்தகத்தத் திருப்பித் தரவே மாட்டான், பின்னால நூலகரா ஆயிட்டான். இது விடுதி நாய். பேரு கவுன்சிலர்."

நாயின் பெயர்வரை நினைவிருந்தது. ஆனால் பாசி வாத்தியார் படத்தில் வந்தால் மட்டும், "உங்கப்பா. சட்டைய எப்படித் தேச்சிருக்கார் பாரு," என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

"அம்மா, அந்தக் கேள்வி..."

"செத்தவங்க சாட்சி சொல்றதில்லன்னேன்ல. திருத்தம் அச்சாகட்டும்."

"அச்சாயிடுச்சும்மா. இதோ. உங்களுக்கு உயிர் வந்தாச்சு."

"உயிர் வந்துடுச்சு தம்பி. ஞாபகம் பின்னால வருது."

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க அவங்களக் கொன்னீங்க. அவங்க உங்களக் கொல்றாங்க. சரியாப் போச்சுல்ல?"

"விளையாடாத. தெரிஞ்சுகிட்டே சொல்ல மாட்டேங்கறாங்க."

"ஏங்க, எதுக்குக் கேக்கறீங்கன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அது எதுக்கு அவங்களுக்கு?"

"நல்லா இருக்கே! உங்க மனசுல இருக்கறத நீங்க சொல்ல மாட்டீங்க. அவங்க மட்டும் அவங்க மனசுல இருக்கறதக் கொட்டணும். எங்கிட்டயே கல்யாணம் ஆகிப் பல வருஷம் கழிச்சுத்தான் சொன்னீங்க. அதுவும் காய்ச்சல்ல உளறினப்ப." மடித்த துணியை அவர் கையில் அடுக்கினார். "உள்ள வைங்க. ஒவ்வொரு அடுக்கா வைங்க, எல்லாத்தையும் சேத்துத் தூக்காதீங்க."

அடுத்தமுறை அம்மாள் வந்தபோது அவர் படங்களை எடுக்கவில்லை. கணினியைத் திறந்து வைத்திருந்தார். இசைச் சங்கத்தின் ஒரே ஒலிப்பதிவு, பழைய நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றியது, அதில் இருந்தது. பரிசளிப்பு விழாவுக்கு முந்தைய ஒத்திகை. இதை அவர் யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் எத்தனையோ மதியங்களில் காதில் மாட்டிக் கேட்டிருக்கிறார். கோரஸில் இடப்பக்கமாக ஒரு கனத்த குரல், மற்றவர்களைத் தாங்கிப் பிடிப்பது மாதிரி அடியில் நகரும். அதுதான் அப்பா என்று அவருக்குள் ஒரு தீர்மானம். அந்தக் குரல் ஏறும் இடத்தில் அவருக்குக் கண் நிறையும். தூசி என்று சொல்லிக்கொள்வார். அந்த அறையில் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஒலிபெருக்கியில் போட்டார். பியானோ தொடங்கியது. அம்மாளின் விரல்கள் மேஜை விளிம்பில் தானாக அசைந்தன.

"இதோம்மா. இந்தக் குரல். கேளுங்க, ஏறுது பாருங்க. அப்பாதானே?"

அம்மாள் கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வரப்பார்த்து, அடங்கியது.

"இது விடுதிக் காப்பாளர்," என்றார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"விடுதிக் காப்பாளர்ப்பா. பெரிய மீசை. பசங்களத் திட்டித் திட்டியே அந்தக் குரல் வந்துச்சு."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இத்தன வருஷமா இந்தக் குரலக் கேட்டு அழுதிருக்கேன்."

"அவருக்குத் தெரிஞ்சா ரொம்ப சந்தோஷப்படுவார். உயிரோட இருந்தப்ப அவரால அழுதவங்கதான் உண்டு, அவருக்காக யாரும் அழுததில்ல."

இருவரும் சிரித்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார்.

"அப்ப எங்கப்பா எங்க?"

அம்மாள் டீக் கோப்பையை எடுத்தார். "ஆறிப் போச்சு. வேற சொல்றியா?"

இங்கே வழக்கமாக அவர் ஒரு ஜோக் அடித்து விலகிவிடுவார். அந்த ஜோக் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"அம்மா, நான் ஏன் கேக்கறேன்னு சொல்லிடறேன். அதுக்கப்புறம் நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி, இனிமே தொல்ல பண்ண மாட்டேன். அப்பா பேரு பட்டியல்ல இருக்கறது நான் பொறந்த வருஷத்தோட நிக்குது. அம்மா சொல்லுவாங்க, நான் சாயங்காலமெல்லாம் கத்துவேனாம். என்னத் தூக்கிக்கிட்டு நடந்து நடந்து அவர் சங்கத்துக்கே போக முடியாமப் போச்சாம். அவர் ஒருநாள்கூட அதச் சொல்லிக் காட்டல. அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. திட்டியிருந்தா சரியாப் போயிருக்கும். அவருக்குப் பாட்டுன்னா உசிருன்னு வெச்சுக்குங்க. அது என்னால போச்சுன்னா, எனக்கு அது தெரியணும். அவ்வளவுதான்."

அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். சிறிது நேரம் அவருடைய காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவா? இதையா இத்தன நாளா உள்ள வெச்சுக்கிட்டு இருந்த? நான் வேற மாதிரி நெனச்சேன் தம்பி. அப்பாவப் பெருமையா நாலு வார்த்த சொல்லணும்னு நீ கேக்கறன்னு நெனச்சேன். தேர்ந்த பாடகர்னு எழுதி கண்ணாடிக்குள்ள வேற வெச்சிருக்க. எப்படிச் சொல்றது? அதான் ஓடிக்கிட்டே இருந்தேன்."

"சொல்லுங்கம்மா."

"அந்தப் பாட்ட மறுபடி போடு. ஆரம்பத்துலருந்து."

போட்டார். பியானோ மட்டும் போய்க்கொண்டிருந்த இடத்தில் அம்மாள் விரலைத் தூக்கினார். மெல்லிய ஒரு சரசரப்பு கேட்டது.

"இது என்ன?"

"நாடா பழுதும்மா. அங்கங்க வருது. அதையெல்லாம் எடுத்துட்டுச் சுத்தம் பண்ணித் தரச் சொல்லி ஒரு ஒலிப்பதிவாளர்கிட்ட பேசியிருக்கேன்."

"ஐயையோ, பண்ணித் தொலைச்சிடாத! அதுதான் உங்கப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான் பாத்து வாசிக்கற இசைக் குறிப்புக்குப் பக்கம் திருப்பறார். உங்கப்பாவுக்குப் பாட்டு வராது தம்பி. சுத்தமா வராது. முத நாளு எல்லாரையும் பாடச் சொல்லிப் பார்த்தாங்க. இவர் வாயத் தொறந்ததும் இசை மாஸ்டர் பேனாவக் கீழ வெச்சுட்டார். ஆனா அனுப்ப மனசு வரல, அவ்வளவு ஆசையா வந்து நின்னார். அதனால பியானோ பக்கத்துல நிக்க வெச்சாங்க. நிகழ்ச்சி நிரல்ல பக்கம் திருப்பறவர்னு போட முடியுமா? கோரஸோட சேத்துட்டாங்க. வீட்லயும் அவர் பாடப் போறேன்னுதான் சொல்லியிருப்பார். பொய் சொன்னார்னு நெனைக்காத. அந்த இடத்துல நிக்கறதே பாடற மாதிரிதான் அவருக்கு."

சரசரப்பு இன்னொருமுறை வந்தது. இந்தமுறை அவருக்கே கேட்டது: தாள் தூக்குவது, ஒரு கணம் நிற்பது, பிறகு மெதுவாக அமர்வது.

"விரல எச்சில் பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன். அதுக்காக ஒரு சின்ன ஈரப் பஞ்சு வெச்சிருப்பார். ஆராய்ச்சிக்கூடத்துலருந்து கொண்டு வருவார். நான் தலையாட்ட வேண்டியதே இல்ல. எங்க திருப்பணும்னு அவருக்குத் தெரியும்."

"அப்ப ஏன் நிறுத்தினார்?"

"ஒரு கச்சேரியில ரெண்டு பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. அவர் பாட்டுல லயிச்சுப் போய் ரெண்டையும் சேத்துத் திருப்பிட்டார். நான் கண்ணு முன்னால இருந்தத வாசிச்சேன். பாதிப் பேர் என்னோட வந்துட்டாங்க, பாதிப் பேர் பழைய இடத்துலயே நின்னாங்க. சபை சிரிச்சுது. முடிஞ்சு உள்ள போனதும் மாஸ்டர் பாடறவங்க அத்தன பேர் முன்னாடி அவரத் திட்டிட்டார். மறுநாள் நான் போய்க் கூப்பிட்டேன், கெஞ்சினேன். 'நான் பாசியோடயே இருந்துக்கறேன், அது சிரிக்காது'ன்னார். அதோட சரி."

"இது எப்ப நடந்தது?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாலதான். உங்கம்மா வயித்தத் தாங்கிக்கிட்டு கடைசி வரிசையில உக்காந்திருந்தாங்க, அங்கருந்து பியானோவே தெரியாது. திட்டினதெல்லாம் உள்ள நடந்துச்சு, அவங்களுக்குத் தெரியாது. பின்னால எப்படியும் வீட்ல ஒரு காரணம் சொல்லணும்ல? நீ கத்தறது அவருக்கு வசதியாப் போயிருக்கும்."

பாட்டு முடிந்துவிட்டது. ஒலிப்பதிவின் கடைசியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். அவர் அதை நிறுத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் துணி கையில் இருந்தும் துடைக்கவில்லை.

"அப்ப என்னால இல்லையாம்மா?"

"இல்லப்பா," என்றார் அம்மாள். "உன்னால இல்ல."